ஊருணிக் கரையில் புலி விளையாட்டு

1

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போன வாரம் ஒரு பார்சல் வந்தது. சணல் கயிற்றை அவிழ்த்தபோது உள்ளே தமிழ்ப் படப் புத்தகங்கள். யுத்தம் முடிந்து இத்தனை காலமாக உடைந்த சிலேட்டுகளையும் கரித்துண்டையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளிய எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் தாளை மோந்து பார்த்தார்கள்.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு என்னை யாரென்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஞானம்மாள். புதுக்கோட்டைச் சீமையில் ஆவூரில் பிறந்தவள். திருச்சியில் வாத்தியார் பயிற்சி படித்தேன். இப்போது மலேயாவில், பேராக் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர். நான் பால்மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன்.

பார்சலில் மேலாக இருந்த புத்தகத்தைப் பிரித்தேன். ஊருணியைப் பிடித்துக்கொண்ட புலியும் முள்ளம்பன்றியும் என்ற பழைய கதை. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்லுகிற கதைதான். கோடையில் எல்லா நீர்நிலையும் வற்றிப்போக, மிஞ்சிய ஒரே ஊருணியில் புலி வந்து உட்கார்ந்துகொள்கிறது. குடிக்க வருகிற மிருகம் ஒவ்வொன்றும் தன் குட்டி ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்கிறது. மானும் முயலும் ஆடும் அழுதுகொண்டே கொடுக்கின்றன. கடைசியில் வருகிற முள்ளம்பன்றி, என் குட்டியை விட்டுவிட்டு என்னைத் தின் என்கிறது. புலி கவ்வுகிறது. முள்ளெல்லாம் தொண்டையில் ஏறிச் சாகிறது.

புத்தகத்தோடு ஒரு சுற்றறிக்கையும் இருந்தது. புலியின் வாயிலிருந்து ரத்தம் வடிகிற படத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிய பிறகே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். சிறு பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம்.

அதை எழுதிய துரையை நான் பார்த்ததில்லை. அவரும் என் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில் டவுனுக்குப் போகிற பாலத்தில் மனிதத் தலைகளைக் கம்பில் குத்தி நிறுத்தியிருந்தார்கள். என் வகுப்பில் பெரிய பிள்ளைகள் அப்போது தாயின் இடுப்பில் இருந்தபடி அதைக் கடந்துபோனவர்கள். இந்த வருஷம் காட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு வந்த கம்யூனிஸ்டுகள், காலையில் பெயர் கூப்பிடுவதற்காக வரிசையில் நின்ற தொழிலாளிகளில் இரண்டு பேரை எல்லோர் முன்னாலும் சுட்டுப்போட்டார்கள். அதில் ஒருவர் என் மாணவன் முனியனின் அப்பா. அதற்குப் பழி வாங்க வந்த சர்க்கார் பட்டாளம் அடுத்த லயத்துக் கூலி வீடுகளைக் கொளுத்தியது. இந்தப் பிள்ளைகளுக்குத்தான் படத்திலுள்ள சிவப்பு மையை மறைக்கச் சொல்கிறார்கள்.

நான் தாள் ஒட்டவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை உடனே வகுப்பில் பிரிக்கவும் முடியவில்லை. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

பயிற்சி முடித்ததும் எனக்குத் திருமயத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வேலை கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஓர் அறைப் பள்ளிக்கூடம். எதிரே ஊருணி. நான்கு பக்கமும் செம்பாறாங்கல் படி. சித்திரையிலும் வற்றாத தண்ணீர். கோடையில் தண்ணீர் குறைந்ததும் அதைத் தூர் வாருகிறவர்கள் சேரி ஆட்கள். மழை விழுந்து நிறைந்த பிறகு அவர்களுக்குப் படி இறங்க உரிமை கிடையாது. கரையில் குடத்தை வைத்துவிட்டு, யாராவது மனம் வைத்து ஊற்றுகிறவரை நிற்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தை நடத்திய பாதிரியார் திருச்சியிலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். இதே கதை. அந்தக் காலத்துக் கல் அச்சு. புலிக்கு மஞ்சள் அதிகமாகி எலுமிச்சம்பழம் போல இருக்கும். பள்ளிக்கூடம் முழுமைக்கும் அது ஒன்றே ஒன்று. அதை நாற்காலியின் முதுகில் சாய்த்து வைத்து, எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தில் என்ன தெரிகிறது என்று கேட்பேன். பிள்ளைகள் சொல்லச் சொல்ல அதையே கரும்பலகையில் எழுதுவேன். தாங்கள் சொன்ன வார்த்தை எழுத்தாக நிற்பதைப் பார்த்ததும் அவர்களுக்கு வாசிக்க ஆசை வந்துவிடும். மனப்பாடம் பண்ணவைத்து மாதக்கணக்கில் வராத வாசிப்பு அந்தப் புத்தகத்தால் சில வாரங்களில் வந்தது.

சேரிப் பிள்ளைகள் வெளியே ஜன்னலோரம் மணலில் உட்காருவது ஊர் வழக்கம். அங்கிருந்து படம் தெரியாது. முதலில் புத்தகத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பிறகு ஒருநாள் எல்லோரையும் உள்ளே ஒரே பாயில் உட்கார வைத்தேன். ஏன் இப்படி என்று ஊரில் கேட்டார்கள். இருப்பது ஒரு புத்தகம், எல்லாப் பிள்ளைக்கும் கண் இருக்கிறது என்றேன். ஊருக்குத் தலைவரான பெரிய வீட்டுக்காரரின் மகள் செல்லாயிக்குக் கதையில் அவ்வளவு பிரியம். தினமும் வீட்டில் போய் அதையே சொல்லுவாள். அதனால்தானோ என்னவோ கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்கள்.

சேரிப் பிள்ளைகளில் கருப்பாயி என்று ஒருத்தி. எட்டு வயதிருக்கும். அவள் அப்பா சின்னான் பெரிய வீட்டு வயலில் பண்ணையாள். அவள் எதையும் உடனே ஒப்புக்கொள்ள மாட்டாள். புலி ஊருணிக் கரையில் படுத்திருக்கிற படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அந்த ஊருணிய புலியா வெட்டுச்சு?"

இல்லை, அது காட்டு ஊருணி, யாரும் வெட்டவில்லை என்றேன்.

"அப்பறம் எப்புடி அதுக்குச் சொந்தமாச்சு?"

மற்றப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அதைத்தான் முள்ளம்பன்றியும் நினைத்திருக்கும் என்று சொல்லி அடுத்த படத்தைத் திருப்பினேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. கருப்பாயி சிரிக்கவில்லை.

3

ஒரு பங்குனி மாதத்து மத்தியானம். சாப்பாட்டு இடைவேளையில் பிள்ளைகள் ஊருணிக் கரையில் அந்தக் கதையை விளையாடினார்கள். செல்லாயி முகத்தில் கரியால் கோடு போட்டுக்கொண்டு புலியானாள். கருப்பாயி தலைமுடியில் ஈர்க்குச்சிகளைச் செருகிக்கொண்டு முள்ளம்பன்றி. புலி செத்து விழுந்தது. கதைப்படி முள்ளம்பன்றி தண்ணீருக்குள் இறங்கிக் குடிக்க வேண்டும். கருப்பாயி படியில் இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். செத்த புலி எழுந்து கைதட்டியதாகப் பிறகு பிள்ளைகள் சொன்னார்கள்.

தண்ணீர் எடுக்க வந்திருந்த ஒரு பெண் பார்த்தாள். அவள் குடத்தை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போனாள்.

நான் பிற்பகல் வகுப்பைத் தொடங்கியிருந்தேன். பெரிய வீட்டுக்காரரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வாசலில் வந்து நின்றார்கள். கையில் கம்புகளும் புளிய விளாரும். கருப்பாயி ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவர்கள் அவளைக் கையால் தொடவில்லை. தொட்டால் தீட்டு. கம்பு நுனியால்தான் அவளை என்னிடமிருந்து பிரித்துத் தள்ளப் பார்த்தார்கள். அது விளையாட்டு, சிறு பிள்ளை, என்ன கேட்பதானாலும் என்னைக் கேளுங்கள் என்றேன்.

"நீங்க படிச்சவங்க. அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க," என்றார் பெரிய வீட்டுக்காரர். மரியாதை குறையாமல்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்துக் கம்பை ஓங்கினார். நான் குறுக்கே கையை நீட்டினேன். என் இடது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வலி உடனே வரவில்லை. கை தானாக வேறு பக்கம் திரும்பித் தொங்கியதைப் பார்த்த பிறகுதான் வந்தது.

ஒருவன் நாற்காலியிலிருந்த புத்தகத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தான். மற்றவர்கள் அதை மிதித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் வயலிலிருந்து சின்னானைக் கூட்டிவந்துவிட்டார்கள். உழுதுகொண்டிருந்தவர். முழங்கால் வரை சேறு. வந்ததும் பள்ளிக்கூட வாசல் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். என்ன நடந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மகளின் ஈரப் பாவாடையைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

பெரிய வீட்டுக்காரர் ஒரு விளாரை அவர் முன்னால் போட்டார்.

"எந்திரி. ஒம் மகதானே. நீயே அடி. நாங்க போதும்னு சொல்றவரைக்கும் அடி. இன்னியோட முடிஞ்சுபோகும்."

சின்னான் எழுந்து விளாரை எடுத்தார். மகளைப் பார்த்தார். அவள் தலையில் அந்த ஈர்க்குச்சிகள் இன்னும் அப்படியே இருந்தன. அவர் கை ஓங்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஓங்கியிருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் குனிந்து விளாரைப் பெரிய வீட்டுக்காரரின் காலடியில் வைத்தார். எறியவில்லை. வைத்தார்.

"எம் புள்ளைய நா அடிக்க மாட்டேன் ஐயா. அவ தண்ணிதானே குடிச்சா. அடிக்கணும்னா என்னைய அடிச்சுக்கங்க."

அவர்கள் அடித்தார்கள். முதலில் விளாரால், அது பிய்ந்துபோன பின் கம்பால், அவர் விழுந்த பின் காலால். தோல் கிழிந்தது, வாய் கிழிந்தது, ஒரு கண் மூடிப்போயிற்று. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. தூக்கினால் எதிர்த்ததாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. செல்லாயி முகத்தில் கரிக்கோடுகளோடு ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் உதறியதில் தூணில் போய் விழுந்து அவள் நெற்றியும் உடைந்தது. அதன் பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். ஒற்றைக் கையால் எத்தனை பேருடைய கண்ணை நான் மூடமுடியும்?

பொழுது சாய்வதற்குள் சேரியில் சின்னான் வீட்டையும் அதை ஒட்டிய வீடுகளையும் கொளுத்திவிட்டார்கள். காய்ந்த பனையோலை. நிமிஷத்தில் பற்றியது.

4

இங்கே இப்போது எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுக்கிறார்கள். அது இல்லாமல் தோட்டத்தைச் சுற்றிப் போட்டிருக்கிற முள்வேலியைத் தாண்ட முடியாது. அதற்காக டவுன் ஆபீசில் போய் நின்றேன். குமாஸ்தா என் பெயரை 'ஞானம் மால்' என்று இரண்டாக வெட்டி எழுதினார். சொல்லிப் பார்த்தேன். மறுபடி அதையே எழுதினார். வந்த நாள் முதலாக இந்த நாட்டுக் காகிதங்களில் நான் இரண்டு பேராகத்தான் இருக்கிறேன்.

பிறகு பிரஜா உரிமை பற்றிய கேள்வி. புதுக்கோட்டை ராஜா சீமை என்பதால் நான் பிரிட்டிஷ் பிரஜை இல்லையாம், 'பிரிட்டிஷாரால் பாதுகாக்கப்பட்ட ஆள்' என்று எழுத வேண்டுமாம். இப்போது சமஸ்தானமே இல்லை, திருச்சி ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள் என்றேன். அந்தச் செய்தி இன்னும் ஆபீசுக்கு வந்து சேரவில்லை என்றார். அடுத்தது அங்க அடையாளம். வளைந்த இடது கையைக் காட்டினேன். எப்படி வந்தது என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள், கீழே விழுந்ததில் என்று எழுதி முடித்துவிட்டார்.

அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் நின்ற சீனக் கிழவர் லேசாக இருமினார்.

5

ஏனென்றால், விழுந்தது என்ற சொல்லை நான் முன்பே ஒருமுறை எழுதவிடாமல் தடுத்தவள்.

சின்னானை மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டுக் கிடத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் மனைவி காளியும் கருப்பாயியும் நானும். வழியில் அவருக்கு ஒருமுறை நினைவு வந்தது. பிள்ளையை அடித்தார்களா என்று கேட்டார். இல்லை, ஒரு அடிகூட விழவில்லை என்றேன். நிஜமும் அதுதான். தலையை அசைத்தார். ஆஸ்பத்திரியில் இரண்டொரு நாள் கிடந்து இறந்துபோனார்.

போலீஸ் அதிகாரி வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "பனைமரத்துலேருந்து விழுந்துட்டான்னு எழுதிக்கிறேன் வாத்தியாரம்மா. செத்தவன் வரப்போறதில்ல. இருக்கவங்களாச்சும் அந்த ஊருல பொழைக்கணுமில்ல?"

"எழுதிக்கங்க," என்றேன். "எங் கையும் அதே மரத்துலேருந்து விழுந்துச்சுன்னும் எழுதிக்கங்க. கையெழுத்து மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து நான் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். அதனால் வழக்கு கோர்ட்டு வரைக்கும் போயிற்று. அங்கே எதிர்க்கட்சி வக்கீல், புலியைக் கொல்லும் கதையைச் சிறு பிள்ளைகளுக்கு என்ன நோக்கத்தோடு கற்பித்தீர்கள் என்று கேட்டார். வாசிக்க வைக்கும் நோக்கத்தோடு என்றேன். இந்தப் புத்தகம் வராவிட்டால் ஒரு உயிர் போயிருக்காது, அதை ஒப்புக்கொள்கிறீர்களா என்றார். கம்புகள் வராவிட்டால் போயிருக்காது என்றேன். நீதிபதி என்னைக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்.

ஊரிலிருந்து சாட்சி சொல்ல வேறு யாரும் வரவில்லை. கம்பெடுத்து வந்தவர்களில் இரண்டு பேருக்குச் சில மாதம் ஜெயில் கிடைத்தது. பெரிய வீட்டுக்காரர் குதிரை வண்டியில் வீடு திரும்பினார். அவர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறக்கலாம் என்று பாதிரியார் சொன்னார். அவரும் கண் கலங்கித்தான் சொன்னார். நான் வேலையை விட்டேன். அடுத்த வருஷம் கல்யாணமாகி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். கை வளைந்தபடியே கூடிப்போயிருந்தது.

புத்தகத்தால்தான் அந்த உயிர் போயிற்று என்று என் அண்ணன்கூட நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தான். நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. ஆனால் கருப்பாயி என்ன நினைப்பாள் என்ற கேள்வி மட்டும் என்னோடு கப்பலேறி வந்தது.

6

இந்த வாரம் புத்தகத்தை வகுப்பில் பிரித்தேன். முன்போலவே நாற்காலியில் சாய்த்து வைத்தேன். என் மகள் ரோஸியும் அன்று வகுப்பில் இருந்தாள். டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். லீவுக்கு வந்திருக்கிறாள். ஊருணி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. புலியைப் பார்த்து, "இது எல்லாத்தையும் மாக்கான் பண்ணிடுமா?" என்று கேட்டாள். மாக்கான் என்றால் மலாயில் சாப்பாடு. தின்னுமா என்று சொல்லடி என்றேன். எல்லாம் ஒன்றுதானே என்றாள்.

ரத்தம் வடியும் படத்தை ஒரு பிள்ளையும் பயந்து பார்க்கவில்லை. அடுத்த படத்தில் மிருகங்கள் எல்லாம் கூடி நின்று தண்ணீர் குடிக்கின்றன. அப்போது முனியன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், முன்னால குடுத்த குட்டியெல்லாம் திரும்பி வருமா?"

வராது என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் ஆடும் மானும் ஏன் சிரிக்கிற மாதிரிப் போட்டிருக்கிறார்கள் என்றான். படம் வரைந்தவருக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவனே கரித்துண்டை எடுத்துக்கொண்டு வந்து மானின் வாயைத் திருத்தினான். அரசாங்கப் புத்தகம். நான் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் ரோஸி என் கையைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள். முதல் தடவையாக அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். என் ஊரைப் பற்றி எதைச் சொன்னாலும் பாதியில் எழுந்து போகிறவள், அன்று போகவில்லை. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டாள்.

நல்லவேளையாக எனக்குப் பதில் தெரிந்திருந்தது. யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் அம்மாவைப் பார்க்க ஆவூருக்குப் போனபோது விசாரித்தேன். கருவாடு விற்கத் திருமயம் சந்தைக்கு வருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர், ஆஸ்பத்திரி வாசலில் போக்கிடமில்லாமல் உட்கார்ந்திருந்த தாயையும் மகளையும் தன் வண்டியில் ஏற்றிக் கோட்டைப்பட்டினத்துக்குக் கொண்டுபோய், கருவாடு காயவைக்கிற வேலை கொடுத்திருந்தார். பஸ் பிடித்து அங்கே போனேன்.

கடற்கரை மணலில் வரிசையாக மீனைப் பரப்பிக்கொண்டிருந்த பெண்களில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் என் கையைப் பார்த்து என்னைத் தெரிந்துகொண்டாள். எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். உயரமாக, கறுப்பாக, அப்பா ஜாடையாக இருந்தாள். காளி இறந்துபோயிருந்தாள். கருப்பாயிக்கு வலை இழுக்கிற ஒருவரோடு கல்யாணமாகி மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஓலைக் கீற்று நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளே எடுத்தாள்.

"என்னாலதான் எங்கய்யா செத்தாருன்னு ஊரு சொன்னுச்சு டீச்சர். எங்காத்தாளும் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிட்டா. நா அப்புடி நெனக்கல. அன்னிக்கு அவரு என்னைய ஒரு அடி அடிச்சிருந்தா உசுரோட இருந்திருப்பாரு. அதுக்கப்பறம் எவன் அடிச்சாலும் நா வாங்கிக்கிட்டுத்தான் கெடந்திருப்பேன்."

குழந்தை வந்து அவள் மடியில் ஏறியது. அதன் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"கட்டுன புதுசுல இது அப்பன் ஒருநா குடிச்சிட்டு வந்து கைய ஓங்குனாரு. எங்கய்யாவே என்னைய அடிக்கல, நீ யாருன்னு கேட்டேன். எறக்கிட்டாரு. அன்னிக்கு எறக்குன கைதான்."

கரைக்குப் படகுகள் வந்துகொண்டிருந்தன. வெயில் இறங்குவதற்குள் மீனைத் திருப்பிப் போட வேண்டும் என்று சொல்லி, குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு அவள் எழுந்து போனாள்.